பத்து அங்குலச் சக்கரத்தில் 250 கோடி ஆண்டு

தூரப் பயணத்துக்கு ஸ்கூட்டரை எடுத்தால் பைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். "காய்கறி வாங்குற வண்டியில மாவட்டத்தையே சுத்தப் போறீங்களாடா?" என்று கேட்டவன் எங்கள் செட்டிலேயே இருந்தான். கடைசியில் அவனும் மனைவியின் ஸ்கூட்டரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு முண்டியம்பாக்கம் வந்து சேர்ந்தான். நான்கு பேர், மூன்று வண்டி. மாசி மாதம், கரும்பு அரவை நடக்கும் காலம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்க, காற்றெல்லாம் புளித்த பாகு வாசனை. திட்டம் இதுதான்: செஞ்சி, திண்டிவனம், மயிலம், திருவக்கரை, கழுவெளி, மரக்காணம், மறுபடி திண்டிவனம், வீடு. சுற்றி வந்தால் இருநூறு கிலோமீட்டருக்கு முன்னே பின்னே வரும்.

ஸ்கூட்டர் சக்கரம் ஏன் இத்தனை சின்னது என்பதற்குப் பின்னால் ஒரு மனிதரின் எரிச்சல் இருக்கிறது. 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. செயின் எண்ணெய் கால்சட்டையில் படுகிறது, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் பொழுது போய்விடுகிறது. ஆகவே விமானம் தரையிறங்கும் சக்கரத்தைப் போல ஒரே பக்கத்தில் பிடிமானம் கொண்ட சின்னச் சக்கரத்தை மாட்டினார். சேலை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் சிரமமில்லாமல் ஏறி உட்காரும் தட்டைத் தளமும் ஸ்டெப்னி மாட்ட இடமும் அதனால் கிடைத்தன. சேலையும் வேட்டியும் அவர் கணக்கில் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

அதற்கான விலையை நம் முதுகெலும்பு கொடுக்கிறது. பத்து அங்குல ரிம்மில் டயர் மாட்டிய ஸ்கூட்டர் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 22 செ.மீ. பதினெட்டு அங்குல ரிம் உள்ள பைக்குக்கு 31 செ.மீ. சாலையில் 30 செ.மீ. அகலத்தில் ஆழமான குழி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். குழியின் இரண்டு விளிம்பிலும் டயர் தொட்டுக்கொண்டு நிற்கும் நிலையைக் கணக்கிட்டால், பைக் சக்கரம் 4 செ.மீ. மட்டுமே உள்ளே இறங்குகிறது. ஸ்கூட்டர் சக்கரம் 6 செ.மீ. இறங்குகிறது. ஒரே குழி, ஒன்றரை மடங்கு அடி. பெரிய சக்கரம் பாலம் போட்டுத் தாண்டிப் போகிற இடத்தில் சின்னச் சக்கரம் இறங்கி விசாரித்துவிட்டு ஏறுகிறது. காரில் போகிறவருக்கு செஞ்சிச் சாலையும் மரக்காணம் சாலையும் ஒன்றுதான். ஸ்கூட்டர்காரனுக்கு அப்படி இல்லை. ஜல்லி, செம்மண், மணல், களி என்று தரை மாறும்போதெல்லாம் இடுப்புக்குச் சேதி வந்துவிடும்.

அந்தத் தரைதான் இங்கே கதை. விழுப்புரம் மாவட்டம் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது 1993-இல். 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. வரைபடத்தில் பாதியாகக் குறைந்த பிறகும், 250 கோடி ஆண்டுப் பாறையும் போன வாரம் விளைந்த உப்பும் இதற்குள்ளேயே இருக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பகல் ஓட்டினால் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போய்ச் சேரலாம். முதலாவதுதான் தேய்ந்தும் கரைந்தும் இரண்டாவதாகிறது என்பதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம்.

செஞ்சிக்கு உள்சாலை வழியாகப் போனோம். காலை நேரம், கூட்டமில்லாத சாலை, வண்டியின் சத்தம் தெளிவாகக் கேட்கும். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முறுக்கியவுடன் என்ஜின் சத்தம் சட்டென்று ஏறும்; பிறகு சத்தம் அதே சுதியில் நிற்க, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பைக்கில் இப்படி இருக்காது. அங்கே ஒவ்வொரு கியரிலும் சத்தம் ஏறி ஏறி விழும். ஸ்கூட்டரின் இடப்பக்க மூடிக்குள் நடக்கிற சமாசாரம் இது.

அங்கே இரண்டு கப்பி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக வைத்த இரண்டு சரிவான தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். விலகினால் மையத்துக்கு இறங்கும். முன் கப்பிக்குப் பின்னால், பெரும்பாலான வண்டிகளில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஆறு உருளைகள் சரிவுப் பள்ளங்களில் கிடக்கின்றன. மெக்கானிக்குகள் இவற்றை ரோலர் என்பார்கள். என்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்புறமாக ஓடப் பார்க்கும். ராட்டினம் சுற்றும்போது நம் உடம்பு வெளியே இழுபடுவது போலத்தான். அப்படி ஓடும்போது அவை தட்டைத் தள்ள, முன்பக்கம் பெல்ட் விளிம்புக்கு ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாது. எனவே பின்பக்கம் அது ஸ்பிரிங்கை எதிர்த்து மையத்துக்கு இறங்குகிறது. முன்னால் பெரிய வட்டம், பின்னால் சின்ன வட்டம்: என்ஜின் அதே வேகத்தில் சுற்ற, சக்கரம் வேகமெடுக்கிறது. சத்தம் நின்ற இடத்தில் நிற்பது இதனால்தான்.

பின் கப்பியில் இன்னொரு நுணுக்கம். அதன் தட்டுகள் ஒரு சாய்வான பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்படி அமைந்தவை. மேம்பாலம் ஏறும்போதும் பின்னால் கனத்த ஆள் உட்காரும்போதும் சக்கரம் சுற்ற மறுக்கும். அந்த மறுப்பே தட்டுகளை முறுக்கி நெருக்கும். பின்பக்கம் பெல்ட் விளிம்புக்கு ஏற, வண்டி தானாகவே கீழ் கியருக்கு இறங்கிவிட்டதாக அர்த்தம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பாரத்தை எடைபோட்டுப் பதில் சொல்வது ஒரு சாய்வுப் பள்ளம். 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் கார் இந்த வகை பெல்ட்டோடு வந்தது. இந்தியச் சாலைக்கு 1984-இல் கைனெடிக் ஹோண்டா கொண்டுவந்தது. கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றப் பயந்து வண்டியே தொடாமல் இருந்த எத்தனையோ பேர் அதன் பிறகு வண்டி எடுத்தார்கள்.

செஞ்சி நெருங்கும்போது சாலையின் இருபுறமும் பாறைக் குவியல்கள் எழும்பத் தொடங்கும். யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டினதுபோல உருண்டை உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்று. முதல்முறை பார்க்கிறவர் இவை எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்றுதான் நினைப்பார். எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயே இருந்தவை, சுற்றியிருந்ததுதான் போய்விட்டது.

இந்தக் கருங்கல் பூமிக்கு அடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், உருகிய குழம்பாக இருந்து மெல்ல ஆறியது. மெல்ல ஆறியதால்தான் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. ராஜகிரி அடிவாரத்தில் உடைந்த கல் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல மங்கலாகத் தெரிவது குவார்ட்ஸ். வெளிர் நிறத்தில், தட்டையான முகம் ஒளியை வாங்கிப் பளிச்சென்று திருப்புவது ஃபெல்ஸ்பார். இடையே கரும்புள்ளிகள், இரும்புச்சத்துள்ள கனிமங்கள். இந்த வட்டாரத்தின் அடித்தளப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அப்போது பூமியில் மரமில்லை, புல்லில்லை, மீனில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும். காற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஆக்ஸிஜனே சேர்ந்திருக்கவில்லை. அது சேரத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நாம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மலை, மூச்சு விடுவதற்கான காற்றைவிட மூத்தது.

மேலிருந்த மண்ணும் பாறையும் அரித்துப் போகப் போக, அழுத்தம் குறைந்து அடிப்பாறை விரிந்தது. விரிந்ததில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள் மழைநீர் இறங்கியது. கட்டியின் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கமிருந்து தாக்கும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து. மூலையை மூன்று பக்கமிருந்து. எனவே மூலை முதலில் மழுங்குகிறது. மண்ணுக்குள்ளேயே சதுரக் கட்டிகள் உருண்டையாகிவிடுகின்றன. பிறகு மண்ணும் கழுவிக்கொண்டு போக, உருண்டைகள் குவியலாக மிச்சம். மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கோட்டை கட்டியவர்களுக்கு இந்த அரிப்பு பெரிய உபகாரம்: பாதி மதிலை இயற்கையே கட்டி வைத்திருந்தது. 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்.

நீர் வெறுமனே உடைக்கவில்லை, கரைக்கவும் செய்தது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி லேசான அமிலமாகிறது. அந்த அமிலத்துக்கு ஃபெல்ஸ்பார் மெல்ல மசிகிறது: ஒரு பகுதி களிமண்ணாகிறது, சோடியம், பொட்டாசியம் போன்றவையும் கொஞ்சம் சிலிக்காவும் நீரில் கரைந்து போகின்றன. குவார்ட்ஸ் மட்டும் மசியாது. அது மணலாக உதிர்கிறது. களி, மணல், கரைந்த சரக்கு மூன்றையும் சுமந்துகொண்டு செஞ்சி மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணி கிழக்கே போகிறது. செஞ்சியாறு, வராக நதி என்றும் அதைத்தான் சொல்கிறோம். வீடூர் அணையில் கொஞ்சம் நின்று, திருவக்கரையைத் தொட்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. நாங்களும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போனோம்.

திண்டிவனத்தில் சாப்பாடு, கூட்டேரிப்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை. அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஆம்னி பஸ் கடக்கும்போது முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினால் தரையின் நிறம் மாறுகிறது. செம்மண். மழை அறுத்த சின்னச் சின்ன ஓடைகள், கூழாங்கல், பனை, முந்திரி. கருங்கல் போய்விட்டது, இது அதன் தூள். மேற்கிலிருந்து ஆறுகள் அள்ளி வந்து கொட்டிய மணலும் சரளையும் கெட்டிப்பட்ட படிவு. புவியியலில் இதற்குக் கடலூர் மணற்கல் என்று பேர். மணல்மணிகளின் மேல் ஒட்டியிருக்கும் இரும்பு துருப்பிடித்ததுதான் இந்தச் சிவப்பு.

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் நுழைகிறார்களா என்பது எனக்குச் சந்தேகம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா அது. 1781-இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார். உள்ளே போனால் கண்காட்சி என்று எதுவும் கண்ணில் படாது. செம்மண் தரையில் மரங்கள் கிடக்கின்றன, அவ்வளவுதான். நேற்று அறுத்துப் போட்டதுபோல. எங்களில் ஒருவன் நிஜமாகவே, "யாருடா வெட்டினது?" என்றான். தொட்ட பிறகுதான் கையை எடுத்தான். வெயிலில் மரம் இப்படிச் சுடாது, கல் சுடும்.

சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை இவை. எப்படித் தெரியும்? பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கின்றன. ஆனால் வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. நின்ற இடத்திலேயே விழுந்த மரமாக இருந்தால் இவற்றில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். வழியெல்லாம் மோதி மோதி எல்லாம் கழன்ற பிறகு, ஆற்று மணலுக்குள் சட்டென்று புதைந்திருக்கின்றன. காற்று புகாததால் கரையானும் பூஞ்சையும் வேலை செய்யவில்லை. அப்போது மணலுக்குள் ஊறிய நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்திருந்தது; செஞ்சிப் பக்கத்துப் பாறைகளைப் போன்றவற்றின் ஃபெல்ஸ்பார் மசிந்தபோது விடுபட்ட அதே சரக்கு. நீர் மரத்தின் செல்களுக்குள் புகுந்து, நீர்க்குழாய்கள் வழியே ஏறி, ஒவ்வொரு செல்லின் சுவரிலும் சிலிக்காவைப் பூசிக்கொண்டே வந்தது. மரம் மெல்ல மெல்ல அழிய, அச்சு மட்டும் கல்லில் நின்றது. குறுக்குவெட்டு தெரியும் ஓர் அடிமரத்தின் பக்கத்தில் குந்திப் பார்த்தால் வளையங்கள் தெரிகின்றன. கைபேசி கேமராவில் பெரிதாக்கினால் ஊசித் துளைகள்: வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய்கள்.

எடையில் வித்தியாசம் புரியும். ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. விட்டமுள்ள காய்ந்த மரத்துண்டு சுமார் 200 கிலோ வரும். நான்கு பேர் சேர்ந்தால் புரட்டலாம். அதே அளவு குவார்ட்ஸ் 750 கிலோ. நாங்கள் முயற்சி செய்யவில்லை. செய்யவும் கூடாது, ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கல்மரம் என்றால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரைத்தான் பாடப்புத்தகம் சொல்லும். அது பன்னிரண்டு கோடி ஆண்டு, கடலடியில் புதைந்த ஒற்றை மரம், பதினெட்டு மீட்டர். திருவக்கரை அதற்கு இளையது. ஆனால் இங்கே ஒரு காடே அடித்து வந்திருக்கிறது.

வானூர்ப் பக்கமாகக் கிழக்கே திரும்பியபோது மணி ஒன்றுக்கு மேல். மூன்று வண்டியும் திடீரென்று சோம்பேறியாயின. "மச்சி, பிளக் அடைச்சிக்கிச்சு போல" என்றான் ஒருவன். பிளக் இல்லை, கடல். வெயிலில் தரை சீக்கிரம் சூடேறும், கடல் ஏறாது. சூடான காற்று தரைமேல் எழும்ப, அந்த இடத்துக்குக் கடற்காற்று உள்ளே வரும். நாங்கள் அதற்கு நேர் எதிரே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 50-இல் போகும்போது 20 கி.மீ. வேகத்தில் காற்று எதிர்த்தால், உடம்பு சந்திப்பது 70. தடை ஏறக்குறைய இரட்டிப்பு. முட்டி மடக்கி நிமிர்ந்து உட்காரும் ஸ்கூட்டர் இருக்கையோ பாய்மரத்துக்குச் சமம். இந்தத் திருப்பத்தில் மைலேஜ் பார்ப்பவருக்கு மனசு ஒடிந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு உள்பக்கமாகக் கழுவெளி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. மேற்கே ஏரிகளின் மிகைநீர் வந்து சேரும். மரக்காணம் பக்கத்துக் கழிமுகத்தின் வழியே கடல் உள்ளே வரும். ஒரு முனையில் நன்னீர், மறுமுனையில் உப்பு, நடுவில் எல்லாக் கலப்பும். கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகியதில் உலகெங்கும் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அந்த உயர்வு அடங்கி இன்றைய நிலைக்கு அருகே வந்தது ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன். இத்தகைய கழிகள் எல்லாம் அதன் பின் வந்தவை. செஞ்சிக் கணக்கில் கண்ணிமைக்கும் நேரம். 2021 டிசம்பரில் இது பறவைகள் சரணாலயமானது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரையா, உப்பா என்று எங்களுக்குள் பந்தயம். உப்புத்தான்.

மரக்காணம் உப்பளத்தில் வண்டியை வரப்பிலேயே நிறுத்தினோம். மிதித்துக் கெட்டியாக்கிய களித்தரையில் பாத்தி பாத்தியாக நீர். கடல்நீர் ஒரு லிட்டரில் 35 கிராம் உப்புகள். அதில் நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் படியாது. முதலில் சுண்ணாம்பு, நீர் ஐந்தில் ஒன்றாக வற்றும்போது ஜிப்சம், பத்தில் ஒன்றாகும்போதுதான் உப்பு. அதற்கு மேலும் வற்றவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் வாங்கும். ஆகவே பாத்தி மாற்றிப் பாத்தி நீரைக் கடத்துவதும், சரியான நாளில் வாருவதும், கசப்பு நீரை வெளியே விடுவதும்தான் தொழிலின் சூட்சுமம். நீர்ப்பரப்பில் மெல்லிய ஆடைபோல மிதந்ததை விரலில் எடுத்துப் பார்த்தேன். சின்னச் சின்னச் சதுரக் கிண்ணங்கள்! தலைகீழ்ப் பிரமிடுகள். மேற்பரப்பில் பிறக்கும் படிகத்துக்கு விளிம்பில் தீனி அதிகம், நடுவில் குறைவு. விளிம்பு வளர்ந்து கொண்டே போக, நடு குழிகிறது. கனம் கூடியதும் மூழ்கிவிடும்.

அந்தக் கிண்ணத்தின் சோடியம் எங்கிருந்து வந்தது? கடலின் குளோரின் பெரும்பாலும் எரிமலை வாயுக்களின் கொடை. சோடியமோ ஃபெல்ஸ்பாரை மழை மசித்துக் கொண்டுவந்தது. ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலுக்குச் சுமந்தது. இதை வைத்துக் கடலின் வயதையே கணக்கிட 1899-இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி முயன்றார். கடலில் மொத்தம் இவ்வளவு சோடியம், ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவருவது இவ்வளவு, வகுத்தால் போச்சு. விடை ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டு. நாற்பது மடங்குக்கு மேல் பிசகு. கடலுக்கு வந்த சோடியம் கடலிலேயே தங்குவதில்லை என்பதை அவர் விட்டுவிட்டார். களிமண்ணில் ஏறிக்கொள்கிறது, உப்புப் படுகைகளாகப் புதைகிறது, அலைத்திவலையில் காற்றேறித் தரைக்கே திரும்புகிறது. மரக்காணத்தில் லாரி லாரியாக ஏறிக்கொண்டிருந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். செஞ்சிக் கல்லில் ஒளியைப் பளிச்சென்று திருப்பிய அதே வகைக் கனிமத்தின் மிச்சம், இங்கே ரசத்துக்குப் போகிற சரக்கு.

மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்குத் திரும்புகிற இந்த வழி புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கப் பாணனுக்கு வழிசொல்லும் புலவர், எயிற்பட்டினத்திலிருந்து வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு அனுப்புகிறார். எயிற்பட்டினம் மரக்காணம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து; கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றும் அதே பேரில் இருக்கிறது. பாணனுக்கு வழிநெடுக என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையெல்லாம் புலவர் விவரமாகச் சொல்கிறார். நல்ல பயண நூல் எழுதத் தெரிந்தவர். எங்களுக்கு பரோட்டா.

மதியம் எதிர்த்த காற்று இப்போது முதுகில். 50-இல் போனால் உடம்பு சந்திப்பது 30தான். தடை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ஆக்சிலேட்டரைப் பாதி விட்டும் வண்டி ஓடியது. போன கணக்கும் வந்த கணக்கும் சரியாகிவிடும் என்று நண்பன் சொன்னான். ஆகாது. எதிர்க்காற்றில் தடை கூடிய அளவு, பின்காற்றில் குறைந்த அளவைவிட எப்போதும் அதிகம்: இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், காற்றே இல்லாத நாளைவிட 16 சதவீதம் கூடுதலாக வருகிறது. பெட்ரோல் பங்கில் அவனே பில்லைப் பார்த்து ஒத்துக்கொண்டான்.

என் வண்டியில் வேகம் எடுக்கும்போது ஒரு நடுக்கம் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் இடப்பக்க மூடியைக் கழற்றி, கப்பியைப் பிரித்து, ரோலர்களை உள்ளங்கையில் உருட்டிக் காட்டினார். உருளவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டை. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் ரோலர் பள்ளத்தில் ஒரே இடத்தில் நின்று, அதே பக்கம் தேயும். ஒருமுறை தட்டை விழுந்தால் பிறகு உருளாமல் இழுபடும், அங்கேயே மேலும் தேயும். ஒன்று மட்டும்தான் ரொம்ப மோசமாக இருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதாதா என்றேன்.

"ஆறையும் மாத்தணும் சார். எடை ஒண்ணா இல்லன்னா தட்டு சாஞ்சு நிக்கும், அடுத்தது பெல்ட்தான்."

ஆறையும் மாற்றினோம்.